கூலியும் யந்திரமும்

2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மூன்று நாள் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்ஸிகோ வளைகுடாக் கரையிலும் துறைமுகத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதைப் பற்றி நாங்கள் நாலு பேர் வழக்கமாகக் கூடும் டீக்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, கவிதை எழுதும் நண்பர் ஒருவர், "மூட்டை தூக்கறவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சம் டாலராம். அதுவும் பத்தாதாம்" என்றார். நண்பர் சாதாரணமாக இப்படிப் பேசுகிறவர் இல்லை. கூலிக்காரர்களைப் பற்றி நல்ல கவிதைகள் எழுதியவர். அந்த வாக்கியத்தில் இருந்த எரிச்சல் எனக்குப் புதிதாகவும் இல்லை. அன்று காலை அதே செய்தியைப் படித்தபோது நானும் கைபேசியில் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன்: ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் ரூபாய்.

நான் வங்கியில் கிளார்க். இப்போது எங்களுக்கு அந்தப் பெயரும் இல்லை. 2024 மார்ச் ஒப்பந்தத்தோடு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' ஆகிவிட்டோம். அதே ஒப்பந்தத்தில் எங்களுக்குக் கிடைத்த உயர்வு 17 சதவீதம். துறைமுகத்தாருக்குக் கிடைத்தது ஆறு வருஷத்தில் 62. நான் இங்கே சொல்லப்போவதை எல்லாம் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டே வாசகர் படிக்கலாம். பொறாமையிலிருந்து கிளம்பிய யோசனை இது என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

நடந்தது சுருக்கமாக இது. மெய்ன் முதல் டெக்ஸஸ் வரை 36 துறைமுகங்கள், சுமார் 45,000 பேர். அந்தக் கரை முழுவதும் வேலை நின்றது 1977க்குப் பிறகு அதுவே முதல் தடவை. சங்கம் ஆறு வருஷத்தில் 77 சதவீதம் கேட்டது. முதலாளிகள் கூட்டமைப்பு 50 வரை வந்திருந்தது. கூடவே யந்திரம் வேண்டாம் என்ற கோரிக்கை. மூன்றாம் நாள் இரவு கூலியில் உடன்பாடு வந்தது. மணிக்கு 39 டாலர் என்ற உச்சக் கூலி ஒப்பந்த முடிவில் 63 டாலர் ஆகும் என்று முடிவாகி எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். யந்திரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஜனவரிக்குத் தள்ளிப் போடப்பட்டது. (அந்த மூன்று நாளில் அமெரிக்க ஜனங்கள் கடைகளில் முண்டியடித்துக் கக்கூஸ் காகிதம் வாங்கிக் குவித்தார்கள். அதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தயாராகிறது. துறைமுகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நான் கவனித்தது வேலை நிறுத்தத்தை அல்ல, அதைச் சுற்றி எழுந்த விவாதத்தை. பத்திரிகைகளும் பொருளாதாரப் பேராசிரியர்களும் கட்சிக்காரர்களும் பேசினார்கள். எல்லாருடைய பேச்சிலும் ஒரு தார்மீகக் கேள்வி இருந்தது. இவர்களுக்கு இவ்வளவு தகுமா? நியூயார்க், நியூஜெர்ஸி துறைமுகத்தில் மூன்றில் ஒருவர் ஓவர்டைம் சேர்த்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார் என்று அங்கே மேற்பார்வை செய்த ஆணையத்தின் பழைய அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். சங்கத் தலைவர் ஹரால்ட் டாகெட்டின் சங்கச் சம்பளம் 2023இல் 7 லட்சத்து 28 ஆயிரம் டாலர் என்பதும் அவரிடம் ஒரு காலத்தில் உல்லாசப் படகு இருந்தது என்பதும் வெளிவந்தன. நாட்டை முடக்கிப் போட்டுவிடுவேன் என்று பொருள்பட அவர் பேசிய பேச்சு எங்கும் சுற்றியது. அதற்கப்புறம் விவாதம் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. அவர் கேட்டது என்ன என்று பார்க்கும் அவசியம் போய்விட்டது.

நமக்கு வேண்டியிருப்பது ஏழைத் தொழிலாளி. இதை அமெரிக்கர்களை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. நம் பத்திரிகைகளில், இதைப் போன்ற பத்திரிகைகளில், வந்திருக்கும் கதைகளில் உழைப்பாளி வருகிறபோதெல்லாம் அவன் தோற்றுக்கொண்டே வருகிறான். முற்போக்கு நண்பர்களின் கதைகளில் கடைசிப் பக்கத்தில் நிமிர்கிறான், அதுவும் தோற்றபடியே. ஜெயித்தவனை வைத்து என்ன எழுதுவது என்று நமக்குத் தெரியாது. துறைமுகத்தாரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த கலைப்படைப்பு எலியா கஸானின் 1954 படம், 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்'. அதில் சங்கம்தான் வில்லன். மனச்சாட்சி விழித்துச் சங்கத் தலைவனுக்கு எதிராகச் சாட்சி சொல்பவன் நாயகன். கஸான் 1952இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழு முன் தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர் என்பதை வைத்து அந்தப் படத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு இங்கே வேண்டியது வேறு. அந்தப் படத்தில் காலையில் மேஸ்திரி எதிரே கூட்டமாக நின்று, யாரைக் கூப்பிடுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் மீது நமக்கு எல்லையற்ற அனுதாபம் வருகிறது. அவர்களுடைய பேரன்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டாத நிலைக்கு வந்து, கப்பல் கம்பெனியின் முகத்தை நேரே பார்த்து விலை சொல்லும்போது அனுதாபம் நின்றுவிடுகிறது. அப்படியானால் நாம் அனுதாபப்பட்டது அவர்கள் மீதா, அந்த நிற்கும் கோலத்தின் மீதா?

தகுதி என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்க்கலாம். ராத்திரி, பனி, விபத்து, வாரத்துக்கு அறுபது எழுபது மணி நேரம் என்று அவர்கள் பக்கம் நின்று அடுக்க முடியும். அடுக்கியவர்களும் உண்டு. அந்த வழியில் நான் போக விரும்பவில்லை. கஷ்டத்துக்குத் தக்க கூலி என்றால் சாக்கடை அள்ளுகிறவர்தான் உலகத்தில் அதிகம் வாங்க வேண்டும். கூலி எங்கும் தகுதியைக் கேட்டு வருவதில்லை. ஒருவன் நிற்கிற இடத்தைக் கேட்டு வருகிறது. துறைமுகத்தான் நிற்பது குடுவையின் கழுத்தில். அதே கழுத்தில் நின்றுதான் கப்பல் கம்பெனிகள் கொள்ளைநோய்க் காலத்தில் கன்டெய்னர் வாடகையைப் பல மடங்கு ஏற்றின. மெர்ஸ்க் கம்பெனி 2022இல் சம்பாதித்தது சுமார் 2,900 கோடி டாலர். அது அதிகம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் அதற்காக அந்தக் கம்பெனி வெட்கப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெட்கம் கூலிக்காரனிடம்தான் எதிர்பார்க்கப்படுகிறது.

இங்கேயே நின்றிருந்தால் இது சுலபமான கட்டுரையாக முடிந்திருக்கும். எதிர்த் தரப்பின் வாதங்களில் ஒன்றை என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. குடுவையின் கழுத்தில் நிற்பவன் வாங்கும் கட்டணத்தைக் கடைசியில் கொடுப்பது கம்பெனி அல்ல. மணிக்குப் பதினைந்து டாலர் வாங்கிக்கொண்டு ஏதோ ஓர் ஊர்க் கடையில் சாமான் அடுக்குகிற பெண் வாழைப்பழத்தின் விலையில் அதைக் கொடுக்கிறாள். அவளுக்குச் சங்கம் இல்லை. அவள் வேலையை நிறுத்தினால் எந்தக் கப்பலும் நிற்காது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடக்கும் சண்டை என்று நாம் எண்ணுவது உண்மையில் வாசலில் நிற்கும் தொழிலாளிக்கும் வாசலில் நிற்காத தொழிலாளிக்கும் நடக்கும் சண்டையாக இருக்கலாம். துறைமுகத்தானை வெறும் கெட்டிக்கார வியாபாரியாகப் பார்த்தால், யந்திரம் வேண்டாம் என்ற அவன் கோரிக்கையும் ஏகபோக வியாபாரியின் கோரிக்கைதான். வேறு கடை திறக்கக்கூடாது என்கிறான், அவ்வளவுதான்.

அப்படித்தானா என்பதில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

விவாதத்தில் இரண்டு கோரிக்கைகளையும் ஒரே பேராசையின் இரண்டு கைகளாகப் பேசினார்கள். காசும் வேண்டும், யந்திரமும் கூடாதாம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமானவை. கூலி ஏற ஏற யந்திரம் மலிவாகிறது. 39 டாலர் ஆளுக்குப் பதில் வைக்க லாயக்கில்லாத யந்திரம் 63 டாலர் ஆளுக்குப் பதில் லாபமாகிவிடும். இது பேராசிரியர்கள் சொல்லித்தான் துறைமுகத்தானுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கூலி என்பது விலை. எவ்வளவு உயர்ந்தாலும் அது ஓர் எண்ணில் போய் நிற்கும். அதனால்தான் மூன்று நாளில் முடிந்தது. யந்திரத்தை மறுப்பது அப்படி ஓர் எண்ணில் நிற்கவில்லை. அதற்கு மேலும் மூன்று மாதம் ஆயிற்று. இவ்வளவு கொடுக்கிறோம், யந்திரத்தை விட்டுவிடு என்று சொல்லி முடித்திருக்கலாமே, ஏன் முடியவில்லை?

அந்த வேலையின் மேல் உள்ள பிரியம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். இரும்புக் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலின் அடிவயிற்றில் காபி மூட்டை இழுத்த வேலையைப் பற்றி ஏங்குகிறவர்கள் அதைச் செய்யாதவர்கள்தான். யந்திரம் வந்தால் சாமான் வேகமாக இறங்கும், அதைத் தடுக்கிறார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. 2018இல் மெக்கின்சி ஆலோசனைக் கம்பெனி, அவர்கள் தொழிலாளியின் நண்பர்கள் அல்ல, ஆட்டோமேஷன் செய்த துறைமுகங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: நடத்தும் செலவு 15 முதல் 35 சதவீதம் குறைகிறது, கூடவே உற்பத்தித் திறனும் 7 முதல் 15 சதவீதம் குறைகிறது. அதாவது பல இடங்களில் யந்திரம் வாங்கித் தருவது வேகத்தை அல்ல. ஆள் இல்லாமல் இருப்பதை வாங்கித் தருகிறது. யந்திரத்துக்கு 1977 ஞாபகம் இருக்காது.

இதன் பழைய கதை தெரியாமல் 2024ஐப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு கிளம்பியது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆன காலத்தில் இந்தக் கப்பலை ஏற்ற டன்னுக்கு 15.8 சென்ட்தான் ஆயிற்று என்று கணக்கிட்டார்கள். உலக வியாபாரத்தையே மாற்றிய அந்த வித்தியாசம் யாருக்குச் சொந்தம்? பெட்டியைக் கடலில் அனுப்பத் துணிந்த மால்கம் மக்லீனுக்கா, மலிவாக வாங்கிய ஜனங்களுக்கா, கொக்கியைக் கீழே வைத்தவனுக்கா?

மேற்குக் கரைச் சங்கம் இதற்கு ஒரு பதில் சொன்னது. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த சங்கம் அது; இடதுசாரிச் சங்கம். 1934 வேலை நிறுத்தத்துக்குப் பிறகு அங்கே மேஸ்திரி முன் நிற்கும் வழக்கம் ஒழிந்து, வேலை பகிரும் கூடம் ஒன்று வந்திருந்தது. யார் அதுவரை குறைந்த மணி நேரம் வேலை செய்திருக்கிறானோ அவனுக்கு முதல் அழைப்பு. இதற்கு நிகராகத் தார்மீக அழகுள்ள ஒரு நிர்வாக விதியை நான் படித்ததில்லை. வேலை என்பது எல்லாருக்கும் பொதுவான சொத்து, பசித்தவன் முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். எரிக் ஹாஃபர் இந்தக் கூடத்திலிருந்து வேலைக்குப் போனவர். 1943இலிருந்து இருபது வருஷத்துக்கும் மேல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் சரக்கு இறக்கிக்கொண்டே எழுதினார். வேண்டும்போது வேலைக்குப் போய், வேண்டாதபோது படிக்க உட்காரும் சுதந்திரத்தை அந்தக் கூடம்தான் அவருக்குக் கொடுத்தது. யந்திரத்தை அவர் வரவேற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதனுக்கு ஓய்வு கிடைக்கும், கற்றுக்கொள்வான் என்று நம்பினார். ஓய்வையும் கூடம்தான் கொடுத்தது, யந்திரம் கொடுக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்பது எனக்கு ஆச்சரியம்.

1960இல் பிரிட்ஜஸ் உடன்படிக்கை செய்தார். யந்திரத்தைக் கொண்டு வாருங்கள், தடுக்கமாட்டோம். பதிலுக்கு வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போடுங்கள். முழுப்பதிவு பெற்ற யாரையும் நீக்கக்கூடாது. முன்கூட்டியே ஓய்வு பெறுகிறவருக்கு 7,920 டாலர். யந்திரத்தை எதிர்த்து நிற்க முடியாது, அதனால் விலை வைத்தாவது விற்றுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. முட்டாள்தனமான கணக்கு இல்லை. ஆனால் அப்போது துறைமுகத்தில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஏ பட்டியல், பி பட்டியல். பின்னால் சேர்ந்த பி பட்டியல் ஆட்களுக்கு அந்த நிதியில் பங்கில்லை. சங்கத்தில் ஓட்டும் இல்லை. அவர்களுக்கும் கீழே, பட்டியலே இல்லாமல், அடுத்த பத்து வருஷத்தில் வந்து கதவைத் தட்டியிருக்கக்கூடிய ஆட்கள். அவர்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். பொதுச் சொத்தை, அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் விற்றார்கள். 1971இல் அதே சங்கம் 134 நாள் வேலை நிறுத்தம் செய்ய வேண்டி வந்தது.

கிழக்குக் கரை வேறுவிதமாகப் போயிற்று. நியூயார்க்கில் இருபது பேர் கேங்கைப் பதினேழாகக் குறைக்க ஒப்புக்கொண்டு, பதிலுக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரக் கூலிக்கு உத்தரவாதம் வாங்கினார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பிறகு அது 2,080 மணி ஆயிற்று. காலையில் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய கேலிக்கு அளவில்லை. நிலத்தின் வாடகையில் சாப்பிடுகிறவனை யாரும் அப்படிக் கேலி செய்து நான் பார்த்ததில்லை.

மேற்குக் கரையில் 2002இல் நடந்தது எனக்கு இன்னும் நெருக்கம். அந்தத் தடவை சண்டை கிரேனைப் பற்றியதே அல்ல. கிளார்க்குகளைப் பற்றியது. வாசலில் நின்று கன்டெய்னர் எண்ணைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் டாலி கிளார்க்குகள். கண்ணும் விரலும் செய்கிற அந்த வேலையை ஸ்கேனர் செய்துவிடும் என்றார்கள் முதலாளிகள். போகவிருந்தவை சுமார் 400 இடங்கள். அதற்காக 29 துறைமுகங்கள் பத்து நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன, முதலாளிகளே பூட்டினார்கள். புஷ் சட்டத்தைப் பிரயோகித்துத் திறக்க வைத்தார். முடிவில் இருக்கிற கிளார்க்குகளுக்கு வேலை உத்தரவாதம். ஸ்கேனருக்குக் கதவு திறப்பு. அதாவது இருக்கிறவர் இருப்பார், அவருடைய நாற்காலி அவரோடு போய்விடும்.

நாற்காலி ஆளோடு போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2012இல் நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் ஒரு மூத்தவர் இருந்தார். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தவர், யூனியன்காரர், கம்ப்யூட்டரை எதிர்த்துச் சட்டையில் பாட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தவர். வங்கிகளில் யந்திரம் வைக்க 1983இல் சங்கங்கள் ஒப்பந்தம் போட்டன. (அதே வருஷம்தான் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.) 1993இல் இன்னொரு பெரிய ஒப்பந்தம். யந்திரத்தில் உட்காருகிறவருக்குத் தனி அலவன்ஸ். அவர் தேர்வு எழுதி லெட்ஜர் போஸ்டிங் யந்திரத்தில் உட்கார்ந்தார். அந்த அலவன்ஸில் ஸ்கூட்டர் வாங்கினார். கிளையில் அவர் சேர்ந்தபோது முப்பத்தொரு பேர். நான் சேர்ந்தபோது பதினொன்று. இன்று ஆறு. அவர் காலத்தில் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அதை அவர் பெருமையாகவே சொல்வார். ஓய்வு பெறும் அன்று மதியம், எல்லாரும் மாலையும் சால்வையும் போட்டு முடித்த பிறகு, கேஷ் கூண்டுப் பக்கம் என்னிடம் வந்து, "தம்பி, நாங்க யாரையும் வெளியே அனுப்பவிடலை. உள்ளே வர வேண்டியவனைப் பத்தி யோசிக்கலை. அவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாதே" என்றார். நான், "அதெல்லாம் இல்லை சார்" என்று ஏதோ சொன்னேன். ஓய்வு பெறுகிறவரிடம் வேறென்ன சொல்வது.

அந்த வாக்கியத்தை ரொம்ப நாள் நான் அனுதாபமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த விவாதத்தைப் படித்தபோதுதான் அதில் இருக்கும் குற்றப்பத்திரிகை தெரிந்தது. வேலையை ஒருவன் விற்கலாமா என்பது, அது அவனுடையதா என்பதைப் பொறுத்தது. என் உழைப்பு என்னுடையது, விற்கிறேன். ஆனால் நான் உட்கார்ந்திருக்கும் இடம்? அது எனக்கு முன்னால் யாரோ போராடி உண்டாக்கியது. எனக்குப் பின்னால் யாரோ உட்கார வேண்டியது. நான் நடுவில் இருப்பவன். கூலியைப் பேரம் பேசுகிறபோது தன்னுடையதைப் பேசுகிறான். யந்திரத்துக்கு விலை பேசுகிறபோது இன்னொருவனுடையதை, பேரத்துக்கு வர முடியாதவனுடையதைப் பேசுகிறான். டாகெட்டின் பிடிவாதத்தில் நான் பார்ப்பது, அவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, இந்த இரண்டாவது விற்பனைக்கு மறுப்பு. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் தானே பணம் கழிக்கும் முறை வந்ததும் அங்கே சில்லறை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் ஒரு பேட்டியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். புதுப் புது வேலைகள் வரும் என்று பதில் சொன்னார்கள். வருகின்றன, உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அந்த ஆட்களைப் பற்றி.

2024 டிசம்பரில் டிரம்ப், யந்திரத்தில் மிச்சமாகும் பணம் தொழிலாளிகளுக்கு உண்டாகும் கஷ்டத்துக்கு அருகில்கூட வராது என்று எழுதினார். விவாதத்தில் பணத்தையும் கஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று கிட்டத்தட்டச் சொன்ன பெரிய மனிதர் அவர் ஒருவர்தான். சொன்னவர் அவர் என்பதால் என் நண்பர்களுக்கு அது காதில் விழவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. படகு வைத்திருந்தவர் கேட்டால் கோரிக்கை கெட்டுப்போகிறது, டிரம்ப் சொன்னால் உண்மை கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொண்டால் நாம் யோசிப்பதற்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

இதோடு என் வாதத்துக்கு இருக்கும் இரண்டு ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, 'பின்னால் வரப்போகிறவன்' என்று நான் சொல்லும் அந்த மனிதன் யார்? நியூயார்க் துறைமுகத்தில் வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் போவது பழைய வழக்கம். கறுப்பர்களும் பெண்களும் நல்ல இடங்களுக்குள் நுழைய முடியாமல் இருந்ததை மேற்பார்வை ஆணையமே குறை சொல்லி வந்தது. டாகெட்டின் மகனும் சங்கத்தில் இரண்டாம் நிலைத் தலைவர். வரப்போகிறவனுக்காகக் காப்பாற்றுகிறேன் என்கிறவன் தன் பிள்ளைக்காகக் காப்பாற்றுகிறான். நம் ஊரில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. குறைந்த மணி நேரம் வேலை செய்தவனுக்கு முதல் அழைப்பு என்ற அந்தப் பழைய விதியும் கூடத்துக்குள் இருந்தவனுக்கு மட்டும்தான் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது என் தாத்தா. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் முதல் தேதி பென்ஷன் வாங்க எங்கள் ஊர் வங்கிக்குப் போவார். பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் பதினோரு மணியிலிருந்து சாப்பாட்டு வேளை தாண்டி உட்கார்ந்திருப்பார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். கூண்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவர் டோக்கனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருப்பார், வியர்வையில் அது வழுக்கும். எதிர்த்துப் போராடிக் காப்பாற்றப்பட்ட இடங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகத் தாத்தா கொடுத்த விலை அது. அந்தப் பெண் வாழைப்பழத்துக்குக் கொடுப்பதைப் போல. இன்று பணம் எடுக்க யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இதை நான் என் கொள்கையில் எங்கே வைப்பது என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வைக்க இடம் கிடைக்கவில்லை. அதற்காக எடுத்துவிடவும் மனமில்லை.

2025 ஜனவரி 8ஆம் தேதி அவர்களுக்குள் முடிவு ஏற்பட்டது. முழு ஆட்டோமேஷன் கிடையாது. பாதி தானாக ஓடும் கிரேன் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஒவ்வொரு கிரேனுக்கும் ஓர் ஆளைக் கூடுதலாக எடுக்க வேண்டும். இதை நண்பரிடம் சொன்னபோது, "யந்திரத்துக்குக் காவலா?" என்று சிரித்தார். சிரிப்பதற்கு இருக்கிறதுதான். எங்கள் கிளை வாசலில் பணம் போடும் யந்திரத்தின் பக்கத்திலும் ஒருவர் நிற்கிறார். மடங்கிய நோட்டுகளை நிமிர்த்திக் கொடுப்பார், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பித்தானை அமுக்கிக் காட்டுவார். கான்ட்ராக்டர் மூலம் வருகிறவர். எந்த ஒப்பந்தத்திலும் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. எங்கள் 17 சதவீதத்தில் அவருக்கு எதுவும் இல்லை. சங்கக் கூட்டத்தில் அவர் பேச்சு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, நானும் எடுத்ததில்லை.

பிப்ரவரி 25ஆம் தேதி துறைமுகத்தார் ஓட்டுப் போட்டு ஒப்பந்தத்தை ஏற்றார்கள். ஏறத்தாழ 99 சதவீதம் பேர் ஆதரவு. ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் பட்டியலில் இருப்பவர்கள். அந்த ஒப்பந்தம் 2030 செப்டம்பர் 30 வரை. எங்களுடையது 2027 அக்டோபரோடு முடிகிறது.